மாதவிடாய்க்காக ஒரு இசை நிகழ்ச்சி: போஸ்டரில் அந்தச் சொல் வேண்டுமா?

மே 2, இரவு 9.15 – வாசகர் ஒருவர் கேட்டது

"தங்கச்சி, உங்கள் போஸ்டரை யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் பார்த்தேன். நோக்கம் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் 'மாதவிடாய்' என்று அவ்வளவு பெரிய எழுத்தில் போட வேண்டுமா? 'மாணவிகளின் சுகாதாரத்துக்காக' என்று போட்டால் விளங்காதா? மற்றது, மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழித்துப் பாட்டு வைத்து, மிச்சக் காசில் நாப்கின் வாங்குவதை விட, நேரே காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தால் கூடப் பிள்ளைகளுக்குக் கிடைக்குமே?"

மே 2, இரவு 11.40

அண்ணா, இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் சொல்கிறேன். வாசிக்கிறவர்கள் யாரும் காசு வாங்கவில்லை. தவிலும் நாதஸ்வரமும் இணுவிலில் இருந்து வருகின்றன, மிருதங்கம் என் மாணவியின் தம்பி, வயலின் நானும் இன்னும் நான்கு பேரும். மண்டபத்துக்கும் ஒலியமைப்புக்கும் மட்டும் செலவு. காசு மட்டும்தான் தேவை என்றால் நீங்கள் சொல்வது சரி, வங்கிக் கணக்கு இலக்கத்தைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். எங்களுக்கு 300 பேர், ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக, இரண்டரை மணித்தியாலம் ஒரே மண்டபத்தில் அந்தச் சொல்லோடு இருக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு என் கதையைத்தான் சொல்ல முடியும். எனக்குப் 14 வயது, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை, வயலின். பரீட்சை அன்று விடியவே வந்துவிட்டது. துடக்கோடு, அதாவது தீட்டோடு, வயலினைத் தொடக்கூடாது என்று அம்மா. ஆசிரியருக்கு என்ன சொல்வது? "காய்ச்சல் என்று சொல்லு." அதற்கு முதல் மாதமும் காய்ச்சல்தான். அதற்கு முதல் மாதமும். "இந்தப் பிள்ளைக்கு என்ன மாதாமாதம் காய்ச்சல், இரத்தம் சோதிச்சுப் பாருங்கோ" என்று ஆசிரியர் உண்மையான கவலையோடு கேட்டிருக்கிறார். அன்றைக்கு அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டோவில் வைத்துவிட்டு வந்து, "ஏறு" என்றார். ஏறினேன். பரீட்சையிலும் சித்தியடைந்தேன்.

'சுகாதாரம்' என்று எழுதினால் அதுவும் ஒரு காய்ச்சல்தான், அண்ணா. அதனால்தான் அந்தச் சொல்.

மே 3, காலை

நிகழ்ச்சிக்கு மே 28ஆம் தேதியை நாங்கள் மண்டபம் கிடைத்த நாள் பார்த்து எடுக்கவில்லை. மே 28 மாதவிடாய்ச் சுகாதார நாள், 2014இல் இருந்து பல நாடுகளில் நினைவுகூருகிறார்கள். சுற்று சராசரியாக 28 நாள், அதனால் 28. உதிரம் போவது ஏறக்குறைய 5 நாள், அதனால் ஐந்தாம் மாதம். ஏன் அந்த நாள் என்று கேட்ட மூன்று பேருக்கும் ஒரே பதிலாக இருக்கட்டும்.

மே 3, இரவு

போஸ்டரில் ஒரு கணக்குப் போட்டிருந்தேன்: ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு பக்கெட் (பாக்கெட்) நாப்கின், 250 ரூபா, வருடத்துக்கு 3,000. அது பிழை. குடும்ப நல உத்தியோகத்தராக வேலை செய்யும் ஒரு அக்கா தனியாக எழுதித் திருத்தினார். "ஒரு பக்கெட்டில் பத்துத்தான் இருக்கு பிள்ளை. நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்த வேணும். அஞ்சு நாளைக்குப் பத்து எப்படிக் காணும்?" நாளுக்கு நான்கு என்று பார்த்தாலே 20, அதாவது இரண்டு பக்கெட். மாதம் 500, வருடம் 6,000.

நான் ஏன் பத்து என்று போட்டேன் என்று யோசித்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் நான் பாவித்தது பத்துத்தான். காலையில் வைத்தால் பின்னேரம் ரியூசன் முடிந்து வீடு வரும் வரைக்கும் அதேதான். அதைத்தான் 'போதும்' என்று இன்றுவரை மனதில் வைத்திருந்திருக்கிறேன். தொடை உரசிப் புண்ணாகி நடக்க முடியாமல் இருந்ததும் அந்தக் காலத்தில்தான், ஆனால் இரண்டையும் இவ்வளவு நாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மே 4

"நாப்கின் வாங்க அரசாங்கம்தான் வவுச்சர் கொடுக்கிறதே" என்று ஒருவர். கொடுக்கிறது, நல்ல விடயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2024இல் ஒரு மாணவிக்கு 1,200 ரூபா என்று தொடங்கினார்கள், அடுத்த வருடம் 1,440 ஆக்கினார்கள். எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் இல்லை, வசதி குறைந்தவை என்று தெரிந்தெடுத்தவற்றுக்கு. நேற்றுத் திருத்திய கணக்கில் வைத்துப் பாருங்கள்: மாதம் 500 என்றால் 1,440 மூன்று மாதத்துக்கும் காணாது. மிச்ச ஒன்பது மாதமும் அந்தப் பிள்ளை அம்மாவிடம் கேட்க வேண்டும். அம்மா அப்பாவிடம் கேட்க வேண்டும். சில வீடுகளில் அந்த இரண்டாவது கேள்வி கேட்கப்படுவதே இல்லை. வெங்காயக் காசில் மிச்சம் பிடித்து வாங்கிய அம்மாக்களை எனக்குத் தெரியும், என் அம்மாவும் ஒருவர்.

மே 5, இரவு நெடுநேரம்

இன்று வந்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு பெரியவர் எழுதியது: "அந்தக் காலத்தில் எல்லாரும் துணிதான். ஒருவரும் செத்துப் போகவில்லை." கோபத்தில் ஒரு பதில் எழுதி அழித்துவிட்டு அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்.

1995 ஒக்டோபர் 30. யுத்தத்தில் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று. எனக்கு நான்கு வயது, அப்பாவின் தோளில் இருந்தேனாம். மழை. செம்மணி வெளியில் சனம் அசைய இடமில்லாமல் நிற்கிறது, நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. அம்மாவுக்கு அன்று இரண்டாம் நாள். கொண்டுவந்த துணி மூன்று. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக்கு ஆறேழு குடும்பம், எல்லாருக்குமாக இரண்டு மலசலகூடம், கிணற்றடியில் இரவு பகல் வரிசை. துணியைத் துவைக்க ஒதுக்கிடமில்லை. காயப்போட இடமே இல்லை. ஈரத்துணியை உடுப்புப் பைக்குள் சுருட்டி வைத்து, ஈரம் காயாமலே திரும்பக் கட்டியிருக்கிறார். புண்ணும் காய்ச்சலும் வந்து பத்து நாள் படுத்திருக்கிறார். உறவுக்காரர்களுக்குச் சொன்னது, மழையில் நனைந்த காய்ச்சல் என்று.

சவர்க்காரம்? பொருளாதாரத் தடைக் காலம். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த ஊர் இது, உங்களில் பாதிப் பேருக்கு அந்த மணம் இன்னும் நினைவிருக்கும். அதே பனம்பழத்தில்தான் இந்தத் துணிகளும் தோய்ந்தன. அம்மா அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "உடுப்புக்குப் பனம்பழம் போட்டதை எல்லாரும் கதையாச் சொல்லுவினம். இதை ஆர் கேட்டவை?"

ஐயா, ஒருவரும் செத்துப் போகவில்லை என்று நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் யாருக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மே 6, காலை

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். துணியை நான் குற்றவாளி ஆக்கிவிட்டது போல இருக்கிறது, அது சரியில்லை. நல்ல பருத்தித் துணியை, தண்ணீரும் சவர்க்காரமும் இருந்து, துவைத்து, நேர் வெயிலில் காயப்போட்டால் நாப்கினுக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. செலவும் குறைவு, குப்பையும் இல்லை. பிரச்சினை அந்த 'நேர் வெயில்' என்ற இடத்தில். எங்கள் வீட்டுக் கொடியில் அது ஒரு நாளும் நேராகக் காய்ந்ததில்லை, அம்மாவின் உள்பாவாடைக்குக் கீழே, கோடிப் பக்கம், ஒருவர் கண்ணிலும் படாமல். யாழ்ப்பாணத்தில் வெயிலுக்கா பஞ்சம்? இருந்தும் அந்தத் துணிக்கு வெயில் கிடைக்கவில்லை.

நெடுந்தீவில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார்: "அக்கா, எங்களுக்கு வெயில் இருக்கு, தண்ணிதான் இல்லை." கோடையில் கிணறு உவர், குடிக்க பவுசர் (தாங்கி லொறி) தண்ணீர். அங்கே துணியை யோசிக்கவே முடியாது. ஆக, இதுதான் நல்லது என்று எல்லாருக்குமாக ஒன்றைச் சொல்ல நான் ஆளில்லை.

மே 9

போஸ்டர் கேள்வி இன்னும் விடவில்லை. மூன்று பேர் அதையே வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் "எங்கள் பண்பாடு" என்றும் எழுதியிருக்கிறார்.

பண்பாட்டையே எடுப்போம். எனக்குப் 12 வயதில் சாமத்தியச் சடங்கு. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், உளுத்தங்களி, தனிக் கோப்பை, தனிப் பாய், பள்ளிக்கூடம் இல்லை. அதற்குப் பிறகு மாமி தண்ணீர் வார்த்து, சேலை கட்டி, ஊரைக் கூப்பிட்டு, வீடியோ எடுத்து, பெரிய கொண்டாட்டம். இப்போது இன்னும் பெரிது. சந்திக்குச் சந்தி பிள்ளையின் படத்தோடு பதாகை, 'பூப்புனித நீராட்டு விழா' என்று, போஸ்டரில் நாங்கள் போட்டதை விட நான்கு மடங்கு பெரிய எழுத்தில். ஒரு பிள்ளைக்கு முதன்முதல் உதிரம் போனதை ஊருக்கே அறிவிக்கிற நாங்கள், அடுத்த மாதம் அதே பிள்ளை கடைக்குப் போனால் பக்கெட்டைப் பழைய பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புப் பையில் போட்டுக் கொடுக்கிறோம். முதல் தடவை மங்களம், இரண்டாம் தடவையில் இருந்து ஒளிக்க வேண்டிய சாமான். எனக்கு இது விளங்கவே இல்லை.

சடங்கை நிற்பாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மம்மா உளுத்தங்களி கிண்டி, சூடு ஆற ஆற உருட்டித் தந்தது, மாமியின் பச்சைச் சேலை, எல்லாரும் என்னையே பார்த்தது. ஆனால் அத்தனை பெண்கள் சுற்றி நின்றும், ஏன் இது வருகிறது, எத்தனை நாள் இருக்கும், எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வகுப்பில் இருந்த சினேகிதிதான் சொன்னாள், அவளுக்கும் பாதி பிழையாகத்தான் தெரிந்திருந்தது.

மே 10

வரியைப் பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக. 2018 வரைக்கும் இறக்குமதி நாப்கினுக்கு எல்லா வரியும் சேர்ந்து நூறு சதவீதத்தைத் தாண்டி இருந்தது. அந்த வருடம் செஸ் என்ற இறக்குமதி மேலதிக வரியை எடுத்ததும் 62 சதவீதம் அளவுக்கு இறங்கியது. பிறகு 2022இல் உள்ளூரில் செய்கிறவர்களின் மூலப்பொருள்களுக்கு இருந்த வரிகளிலும் கை வைத்துக் குறைத்தார்கள். அதே காலத்தில் ரூபா விழுந்து சாமான் விலை ஏறியதால் கடையில் அந்தக் குறைவு எங்களுக்குத் தெரியவில்லை. 2024 தையில் (சனவரி) இருந்து வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். இந்தியாவில் 2018 யூலையில் நாப்கினுக்கு இருந்த 12 சதவீத ஜிஎஸ்டியை முழுவதுமாக நீக்கினார்கள்.

கிளாஸ்கோவில் இருக்கும் மச்சாள் நேற்றுப் பேசும்போது சொன்னாள், அங்கே நூலகத்திலும் பள்ளிக்கூடங்களிலும் மலசலகூடத்தில் ஒரு பெட்டி, தேவையானவர் எடுத்துக்கொண்டு போகலாம், பெயர் எழுத வேண்டியதில்லை, ஏன் என்று கேட்பவரும் இல்லை. ஸ்கொட்லாந்தில் அது சட்டம், 2020இல் நிறைவேறி 2022 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. "ரொய்லெட் பேப்பருக்கு ஆரும் வவுச்சர் தாறவையே?" என்று மச்சாள் கேட்டாள். அதை நிகழ்ச்சியில் சொல்லப் போகிறேன், அவளிடம் கேட்டுவிட்டேன்.

மே 14

இதைக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் திட்டம் மாறுகிறது.

காசை எங்கே கொடுப்பது என்று பார்க்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம், அங்கே உள்ள ஆசிரியைகள் கையில் இல்லாத வசதிக்கு அவர்கள் பேச்சு வாங்கக்கூடாது. தரம் 8 முதல் 11 வரை பிள்ளைகளுக்கு ஒரு துண்டுக் கடதாசி கொடுத்து, பெயர் எழுதாமல், 'அந்த நாள்களில் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு எது கஷ்டம்' என்று எழுதச் சொன்னோம். 'நாப்கின் இல்லை' என்றுதான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். வந்ததுதான், ஆனால் முதலில் வந்தது அது இல்லை.

'திறாங்கு இல்லை.'

திரும்பத் திரும்ப அதுவே. கதவுக்குத் திறாங்கு, அதாவது உள்ளே போடும் தாழ்ப்பாள், இல்லை, சினேகிதியை வெளியே நிற்க வைத்துக் கதவைப் பிடிக்கச் சொல்ல வேண்டும், சினேகிதி வராத நாளில் போகவே மாட்டேன். வாளி இல்லை. பாவித்ததைப் போட ஒன்றுமில்லை, பேப்பரில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன், பைக்குள் மணக்குமோ என்று பயத்தில் பாடம் ஏறாது. ஒரு பிள்ளை எழுதியது: 'காலையில் தண்ணி குடிக்க மாட்டன்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள். மலசலகூடம் போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள், யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில்.

மே 2 அன்று கேட்ட அண்ணா, உங்களுக்கு நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 'மிச்சக் காசில் நாப்கின்' என்று நீங்கள் எழுதினீர்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பக்கெட்டை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை அதை எங்கே வைத்து மாற்றுவாள்? நாங்கள் இருவருமே பிழையான சாமானுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மே 16

"பாவித்ததைப் போட வாளி எதற்கு, மலசலகூடக் குழிக்குள் போட்டால் போச்சு" என்பவருக்கு: தயவுசெய்து வேண்டாம். நாப்கினில் இருப்பது பஞ்சு மட்டுமில்லை, பிளாஸ்டிக் படலமும் தண்ணீரை உறிஞ்சி ஊதுகிற தூளும் இருக்கிறது. குழாயிலும் குழியிலும் கிடந்து ஊதி அடைக்கும். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், நாங்கள் குடிப்பது அதற்குள் இருக்கிற தண்ணீரை. குழி நிரம்பி வழிந்தால் போய்ச் சேருமிடம் கிணறு. வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று (உரத்திலும் மலக்குழியிலும் இருந்து இறங்கும் உப்பு) கூடின கதை உங்களுக்குத் தெரியும்.

எரிக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு நேற்று 'ஓம், எரிக்கலாம்' என்று சொல்லிவிட்டேன், அதை மாற்றிக்கொள்கிறேன். முற்றத்தில் குப்பையோடு போட்டு எரித்தால் அது முழுவதும் எரியாது, பிளாஸ்டிக் புகைதான் வரும். மூடி உள்ள வாளி, தினமும் வெறுமையாக்கி உள்ளூராட்சிக் குப்பை வண்டியில் கொடுப்பது, இப்போதைக்கு இவ்வளவுதான் எங்களால் முடியும். யார் தினமும் வெறுமையாக்குவது என்பது பெரிய கேள்வி. பள்ளிக்கூடத்தில் துப்புரவு செய்யும் அக்காவுக்குக் கையுறை வாங்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

மே 21

ஒத்திகை. மிருதங்கம் வாசிக்கும் தம்பிக்கு 17 வயது, ரிக்கற் (டிக்கெட்) விற்கப் போன இடத்தில் ஒருவர், "என்னத்துக்கு இந்த நிகழ்ச்சி?" என்று கேட்க, "மாதவிடாய்க்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். எப்படிச் சொன்னாய் என்று நாங்கள் கேட்டோம். "என்ன அக்கா, போஸ்டரில் இருக்கிறதைத்தானே வாசிச்சனான்" என்றான். அன்று முழுவதும் எனக்கு அவன் முகம்தான்.

மே 28, நள்ளிரவு தாண்டி

முடிந்தது. மோகனத்தில் தொடங்கினோம், கடைசியில் மத்தியமாவதி, இடையில் தவில் தனி ஆவர்த்தனம் நினைத்ததை விட நீண்டுவிட்டது, சபை விடவில்லை.

நான் கவனித்த ஒன்று. அறிவிப்பாளர் முதல்தரம் 'மாதவிடாய்' என்று ஒலிவாங்கியில் சொன்னபோது பின்வரிசைப் பெடியன்கள் சிரித்தார்கள், முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள். இரண்டாம் தரம் யாரோ ஒருவர் மட்டும் சிரித்தார். மச்சாளின் ரொய்லெட் பேப்பர் கேள்வியை நான் சொன்னபோது மண்டபம் முழுவதும் சிரித்தது, ஆனால் அது வேறு சிரிப்பு. கடைசித்தரம், நன்றியுரையில், ஒரு சத்தமும் இல்லை. குழந்தை ஒன்று மட்டும் அழுதது.

அம்மா மூன்றாம் வரிசையில் இருந்தார். பனம்பழக் கதையைச் சொல்லவா என்று கேட்டிருந்தேன், "பேரைச் சொல்லாமல் சொல்லு" என்றார். சொன்னேன். முடிந்ததும் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா திரும்பி, "எனக்கும் கொடிகாமத்தில் அப்படித்தான்" என்றாராம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓட்டோவில் அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மே 30

கணக்கு, எல்லாரும் பார்க்க. ரிக்கற் 312, ஒன்று 500 வீதம் 156,000. மண்டப வாசலில் உண்டியல் 48,350. வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர்கள் 60,000. மொத்தம் 264,350. செலவு: மண்டபம் 35,000, ஒலியமைப்பு 30,000, அச்சு 9,500, தேநீர் சிற்றுண்டி 11,200, சேர்ந்து 85,700. கையில் 178,650.

அண்ணா, சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு செலவாகிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை தேநீரை வீடுகளில் இருந்து கொண்டுவரலாம், ஒலியமைப்பையும் சிறிதாக்கலாம். ஆனால் நிகழ்ச்சியே வேண்டாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்று பள்ளிக்கூடங்களில் 26 கதவு. திறாங்கு 450 வீதம் 11,700. மூடி வாளி 1,250 வீதம் 32,500. மிச்சம் 134,450. மொத்த விற்பனைக் கடையில் பக்கெட் 210க்குப் பேசியிருக்கிறோம், 640 பக்கெட் வரும், 50 ரூபா மிஞ்சும். பக்கெட்டுகளை மேடையில் வைத்துப் படம் எடுத்துக் கொடுக்க மாட்டோம். மலசலகூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் இருக்கும், தேவையானவள் எடுப்பாள். பூட்டு வேண்டும், பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று ஒரு ஆசிரியை பயப்படுகிறார். அள்ளட்டும், வீட்டில் தங்கச்சிக்கும் தேவையாக இருக்கும். எத்தனை மாதம் தாங்குகிறது என்று பார்ப்போம்.

கையுறைக் காசு இதில் விடுபட்டுவிட்டது. அதை நான் தருகிறேன்.

யூன் 8

ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் மிருதங்கத் தம்பியும் நானும் காலையிலேயே போய்த் திறாங்கு பூட்டத் தொடங்கினோம். அப்பா இந்த வேலை தொடங்கியதில் இருந்து ஒன்றும் பேசவில்லை, நிகழ்ச்சியிலும் கடைசி வரிசையில்தான் இருந்தார். இன்று ஒவ்வொரு கதவையும் பூட்டியதும் உள்ளே போய், தானே கொண்டி போட்டு, வெளியே நின்ற எங்களைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். 26 கதவுக்கும் அப்படித்தான் செய்தார்.

இல்லை, 25. ஒரு கதவு அடியில் இருந்து உக்கிப் போயிருக்கிறது, ஆணி பிடிக்கவில்லை, திறாங்கு கையோடு வருகிறது. அப்பா அளவு எடுத்துக்கொண்டு வந்தார்: உயரம் 6 அடி 2 அங்குலம், அகலம் 2 அடி 4 அங்குலம். புதுக் கதவுக்கு எங்களிடம் காசு இல்லை. வீடு திருத்துகிறவர்கள் யாரிடமாவது பழைய கதவு கழற்றி வைத்திருந்தால் சொல்லுங்கள், வேம்போ பனையோ எதுவும் பரவாயில்லை, அளவு கொஞ்சம் கூட இருந்தால் அப்பா சீவிக்கொள்வார். லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஒன்று ஒழுங்கு செய்திருக்கிறோம், எங்கே என்றாலும் வந்து ஏற்றுவோம்.